‘டு லெட்’ பலகை மாட்டும் முன்

கே: மேடவாக்கம் பக்கம் 60 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறேன். 45 லட்சம் வங்கிக் கடன். வாடகை 15 ஆயிரம் வரும், அதுவே தவணையைக் கட்டிவிடும் என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?
– மேடவாக்கம் வாசகர்

ப: கட்டாது. எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 39 ஆயிரம் ரூபாய். வாடகை போக மீதி 24 ஆயிரம் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். வருட வாடகை 1 லட்சத்து 80 ஆயிரம், அதாவது போட்ட பணத்தில் 3 சதவீதம். அதிலும் சொத்து வரி, அசோசியேஷன் பராமரிப்பு, ஆள் மாறும்போது பெயின்ட், நடுவில் பூட்டிக் கிடக்கும் ஒன்றிரண்டு மாதம் எல்லாம் கழியும். ஆக, நீங்கள் வாங்குவது வாடகைக்காக அல்ல, விலை ஏறும் என்ற நம்பிக்கைக்காக. ஏறுவது மண்ணின் விலைதான், கட்டடத்துக்கு வயதாகும். அதனால் அந்த ஃபிளாட்டுக்கு எத்தனை சதுர அடி யு.டி.எஸ். (மண்ணில் பிரிக்கப்படாத பங்கு) என்பதை முதலில் கேளுங்கள். சொந்த வீட்டில் அஸ்திவாரம் தாங்கும், அனுமதியும் கிடைக்கும் என்றால், மேலே ஒரு மாடி எழுப்புவது இதைவிட நல்ல கணக்கு. அங்கே மண்ணுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

கே: சென்னையில் பத்து மாத அட்வான்ஸ்தானே வழக்கம்? மூன்று மாதம்தான் வாங்க வேண்டும் என்று வாடகைக்கு வருபவர் சட்டம் பேசுகிறார்.
– வில்லிவாக்கம் வாசகர்

ப: சரியாகத்தான் பேசுகிறார். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதினால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தந்துவிட வேண்டும்.

பத்து மாதம் வாங்கும் பலர் அந்தப் பணத்தைச் செலவு செய்துவிடுகிறார்கள். பிறகு, “அடுத்த ஆள் வரட்டும், தருகிறேன்” என்று சொல்லி, வீடு மாறும் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்துகிறார்கள். அந்தக் குடும்பம் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வட்டிக்குக் கடன் வாங்குகிறது. இது அநியாயம். அட்வான்ஸ் உங்கள் வருமானம் அல்ல, அவர்களுடைய பணம். வாங்கிய அன்றே தனியாக ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டுவிடுங்கள். பெயின்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சாவி வாங்கும் நாளில் சொல்லாதீர்கள்.

கே: 12 வருடம் ஒரே வீட்டில் குடியிருந்தால் வீடு வாடகைதாரருக்கே சொந்தமாகிவிடுமாமே? பயமாக இருக்கிறது.
– திண்டுக்கல் வாசகி

ப: ஆகாது. வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் உங்கள் அனுமதியோடு இருக்கிறார். எத்தனை வருடம் இருந்தாலும் அனுமதி உரிமையாக மாறாது. 12 வருடக் கணக்கு, உரிமையாளரை மறுத்து, தனக்கே சொந்தம் என்று வெளிப்படையாக அனுபவிப்பவருக்கு. ஒரு எச்சரிக்கை: வாடகை உறவு முடிந்தபிறகும் ஒருவர் காலி செய்யாமல் இருந்தால், வீட்டை மீட்க வழக்குப் போட உங்களுக்கு 12 வருடம்தான் கெடு. எழுத்தில் ஒப்பந்தம், வங்கி வழியாக வாடகை, இந்த இரண்டும் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். இந்தப் பயத்தில் நல்ல குடித்தனக்காரரை 11 மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் உண்மையான நஷ்டம்.

கே: மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவை. மாதம் 6 ஆயிரம் வாடகை வரக்கூடிய வீட்டை 5 லட்சத்துக்கு மூன்று வருடம் ஒத்திக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– மதுரை வாசகர்

ப: ஒத்தி என்பது வருமானம் அல்ல, கடன். வருடம் 72 ஆயிரம் ரூபாய் வாடகையை விட்டுக்கொடுக்கிறீர்கள். ஐந்து லட்சத்துக்கு அது 14 சதவீதத்துக்கு மேல் வட்டி. வங்கி நகைக்கடன் இதைவிட மலிவு. மூன்று வருடம் கழித்து முழு ஐந்து லட்சத்தையும் ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும். பெரும்பாலும் அது முடியாமல், இன்னொருவரிடம் ஆறு லட்சத்துக்கு ஒத்தி வைத்து இவருக்குத் தருவார்கள். அப்படிச் சுழற்சியில் போன வீடுகளை மதுரையிலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேறு வழியே இல்லை என்றால், பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்தே கொடுங்கள். வெறும் முத்திரைத்தாளில் எழுதிய ஒத்தி சட்டத்தில் நிற்காது. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால், வங்கியைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள்.

கே: “நம்ம ஆட்களுக்கு மட்டும், சைவம் மட்டும்” என்று பலகையில் எழுதச் சொல்கிறார் என் கணவர். எழுதலாமா?
– ஸ்ரீரங்கம் வாசகி

ப: எழுதாதீர்கள் அம்மா. வாடகையை ஒழுங்காகத் தருவாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பாரா என்பதற்குச் சாதியும் சாப்பாடும் பதில் சொல்லாது. வேலை பார்க்கும் இடத்தையும் முன்பு குடியிருந்த வீட்டுக்காரரையும் விசாரித்தால் தெரிந்துவிடும். தகுதியும் பணமும் இருந்தும் பெயரைச் சொன்னதும் கதவு மூடப்படுவது எத்தனை பேருக்கு நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். திருநர் என்ற காரணத்துக்காக வீடு மறுப்பது 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படியே தவறு. மற்றவர்களுக்குச் சட்டம் வந்து சொல்லும்வரை நாம் காத்திருக்க வேண்டாம்.

கே: மூன்று மாத வாடகை பாக்கி. தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டால் தானாகக் காலி செய்வாரா?
– அம்பத்தூர் வாசகர்

ப: செய்யவே செய்யாதீர்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியங்களை நிறுத்துவதைத் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டமே தடுக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் குற்றம் உங்கள் மேல் வந்துவிடும். பாக்கியைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். அதன்பிறகும் தராவிட்டால் வாடகை நீதிமன்றம் போகலாம். ஆனால் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் அங்கே திண்டாட்டம். வாடகை அதிகார அமைப்பில் பதிவதை இணையத்திலேயே முடிக்கலாம்.

கே: மூன்று போர்ஷனுக்கும் ஒரே கரண்ட் கனெக்‌ஷன். யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கலாமா?
– கோவை வாசகர்

ப: வேண்டாம். வந்த பில்லைச் சப்-மீட்டர் படி பிரித்து வாங்குங்கள். அதைவிட நல்லது, போர்ஷனுக்கு ஒரு கனெக்‌ஷன். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் உண்டு. அது குடியிருப்பவருக்குப் போய்ச் சேரட்டும்.

கே: துபாயில் வேலை. தஞ்சாவூர் வீட்டை 9 ஆயிரத்துக்கு விட்டிருக்கிறேன். வரி உண்டா?
– துபாய் வாசகர்

ப: சொத்து வரி போக மிச்சத்தில் 30 சதவீதம் கழிவு உண்டு. மீதிதான் வருமானக் கணக்கில் சேரும். ஆனால் வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுப்பவர், தொகை சிறிதானாலும் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். குடியிருப்பவருக்கு இது தெரிந்திருக்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதிகமாகப் பிடித்ததை ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

கே: நான்கு வருடமாக நல்ல குடும்பம், வாடகை 12 ஆயிரம். பக்கத்து வீட்டில் 15 ஆயிரம் வாங்குகிறார்கள். ஏற்றினால் போய்விடுவார்களோ?
– தாம்பரம் வாசகி

ப: ஒரேயடியாக 3 ஆயிரம் ஏற்றினால் போகக்கூடும். போனால், காலியாகக் கிடக்கும் ஒரு மாதத்துக்கு 12 ஆயிரம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 15 ஆயிரம், பெயின்டும் பிளம்பரும் சேர்ந்து 20 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 47 ஆயிரம் ஆகிறது. ஏற்றியதால் வருடத்துக்குக் கிடைப்பது 36 ஆயிரம். 600 ரூபாய் ஏற்றுகிறேன் என்று அவர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். போன மழையில் எங்காவது சுவர் ஒழுகியிருந்தால் அதையும் சரி செய்து கொடுங்கள்.