டப்பாவின் மேல் ஒட்டிய விலை

சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டியில் மே மாதம் பிறந்துவிட்டால் மழை உண்டா, வேலை உண்டா என்று யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. "பையனை எங்க அண்ணாச்சி சேத்திருக்கீக?" என்பது ஒன்றுதான் விசாரணை. என்ன படிக்கப் போகிறான் என்று கேட்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. படிப்பு கிடக்கட்டும், ஊர்தான் முக்கியம். "கோயம்புத்தூரு" என்று பதில் சொன்னதும் கேட்டவர் முகம் ஒரு சுற்றுச் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் அந்த அப்பாவுக்கு அன்றிரவு தூக்கம் வராது. "கோயம்புத்தூர்ல எந்தக் காலேஜு?" என்று மேற்கொண்டு குடைகிறவன் பொறாமைக்காரன். "அங்க யாரு பாடம் நடத்துறாக?" என்று கேட்கிறவன் ஊரோடு ஒத்து வாழத் தெரியாதவன்.

இந்த வட்டாரத்தில் கல்லூரிகளுக்கும் சாதி உண்டு. தூரம்தான் குலம், கோத்திரம் எல்லாம். சென்னை உச்சாணி. அதற்கு அடுத்தது கோவை. மதுரை, பரவாயில்லை. கிருஷ்ணன்கோவில், விருதுநகர் என்றால் "அவுக வசதி அம்புட்டுத்தான் போல" என்று ஓர் அனுதாபம். சிவகாசி என்றால் அந்த அனுதாபமும் கிடையாது. 1963இல் தொடங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, பட்டாசுக் காசில் 1968இல் பெண்களுக்கென்று எழுந்த ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் கல்லூரி, 1984இல் வந்த மெப்கோ பொறியியல் கல்லூரி என்று பஸ் தூரத்திலேயே வரிசையாக நிற்கின்றன. அவை செய்த குற்றம் ஒன்றே ஒன்று. அங்கே படிக்கிற பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோறு தின்கிறது. அப்படியொரு பிள்ளையை வைத்துக்கொண்டு எந்த அப்பன் கல்யாணப் பந்தியில் தலை நிமிர்ந்து உட்காருவான்? (மெப்கோவில் கவுன்சிலிங்கில் இடம் கிடைக்காமல்தான் பல பேர் பெட்டி கட்டித் தூரதேசம் போகிறார்கள். அதைச் சபையில் சொல்வது நாகரிகம் அல்ல.)

விலைச்சீட்டு ஒட்டி ஏமாற்றுகிற வித்தையை இந்தியாவுக்கே காட்டிய ஊர் நம்முடையது. பட்டாசு டப்பாவில் ஆயிரம் ரூபாய் என்று எம்.ஆர்.பி. அச்சடிப்போம். கடை வாசலில் 80 சதவீதம் தள்ளுபடி என்று பேனர் கட்டுவோம். சென்னைக்காரர் இருநூறு ரூபாய்க்கு வாங்கி, எண்ணூறு ரூபாய் மிச்சம் பிடித்த பூரிப்பில் கார் ஏறிப் போவார். கார் திரும்பியதும் சிரிப்போம். அப்படிச் சிரித்த அதே ஆட்கள்தான் மே மாதம் கல்லூரி ஏஜெண்ட் எதிரில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறோம். "உங்க பையன் மார்க்குக்காக மேனேஜ்மெண்ட் கோட்டாவுலயே அம்பது பர்சென்ட் ஸ்காலர்ஷிப் வாங்கித் தர்றேன் சார்" என்கிறான் அவன். கண் கலங்கி நன்றி சொல்கிறோம். அவன் விரிக்கிற பளபளப் புத்தகத்தில் நீச்சல்குளம் இருக்கிறது, குதிரை இருக்கிறது, புல்தரையில் மடிக்கணினியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் இருக்கிறாள். காலண்டரும் வெடி லேபிளும் அடிக்கிற நம்மூர் ஆஃப்செட்டிலேயே அந்தப் புத்தகம் அச்சாகியிருந்தாலும் ஆச்சரியமில்லை. மச்சான் நைட் ஷிப்டில் அடித்த காகிதத்தை நம்பி மாமன் நிலத்தை விற்கிறான்.

சரி, டப்பாவுக்குள்ளே மருந்து இருக்கிறதா? 2024 ஜூலையில், ஊழலை எதிர்க்கிற அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலைப் பிரித்துப் போட்டுக் காட்டியது. ஒரே ஆண்டில் 353 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாக எழுதப்பட்டிருந்தார்கள். சிக்கிய கல்லூரிகள் 224. ஒருவர் 11 கல்லூரிகளில் முழுநேரம் பணியாற்றிக்கொண்டிருந்தார். கிருஷ்ண பரமாத்மாவுக்குப் பிறகு இப்படி எங்கும் நிறைந்த ஆளை நாடு கண்டதில்லை. அப்போதைய துணைவேந்தரே விசாரித்துவிட்டு, சுமார் 2,000 பணியிடங்களை 189 பேரைக் காட்டி நிரப்பியிருக்கிறார்கள் என்று சொன்னார். நம்மூர் பயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலையில் ஒரு போர்மேன் பெயரைப் பத்து லைசென்சில் எழுதினால் அதற்குப் பெயர் மோசடி. கல்லூரியில் எழுதினால் அங்கீகாரம்.

தரச்சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். 2025 பிப்ரவரி முதல் தேதி, கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் ஆய்வுக்குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சிபிஐ கைது செய்தது. ஆந்திரத்தின் குண்டூர்ப் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு ஏ பிளஸ் பிளஸ் கொடுக்கப் பணமும் மடிக்கணினியும் ஐபோனும் கைமாறின என்பது வழக்கு. வழக்கு நடக்கட்டும், தீர்ப்பு வரட்டும். ஆனால் கல்லூரிப் பேருந்தின் பின்பக்கம் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிற ஏ பிளஸ் பிளஸைப் பார்த்து இனி யாராவது கும்பிட்டால் அவர் கண்ணைப் பரிசோதிப்பது நல்லது.

இந்த விருதுநகர் மாவட்டம் மதிப்பெண்ணுக்கு மண்டியிட்ட மாவட்டம். 2017, 2018 இரண்டு ஆண்டும் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம். அந்த 2017இல்தான் மாநில ரேங்க் அறிவிக்கிற வழக்கத்தை அரசு நிறுத்தியது. பிள்ளைகள் மனம் நோகிறது என்று நல்ல காரணம்தான் சொன்னார்கள். நம்மவர்கள் என்ன செய்தார்கள்? ரேங்க் போனால் என்ன, ஃப்ளெக்ஸ் இருக்கிறதே என்று கோயில் பொங்கலுக்கு அடிக்கிற அளவில் பிள்ளை படத்தையும் கல்லூரிப் பெயரையும் போட்டு முக்கில் கட்டினார்கள். அம்மனுக்குக் கீழே அப்பா, அப்பாவுக்குக் கீழே அட்மிஷன்.

பெருமைக்கு அலைந்தவன் கையில் இருந்ததையும் தொலைத்த கதைதான் எனக்கு ஆத்திரம் மூட்டுகிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பிள்ளைக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. இது தெரியாதவர் இல்லை. தெரிந்தும் எட்டாம் வகுப்பில், "கவர்மெண்டு ஸ்கூல்ல படிக்கான்னு சொல்ல ஒரு மாதிரியா இருக்கு" என்று பிள்ளையைப் பிடுங்கி, டை கட்டுகிற பள்ளியில் நடுகிறார்கள். டை கட்டிய அன்றே 7.5 அறுந்தது. வீட்டின் முதல் பட்டதாரிக்கு 2010இலிருந்து கல்விக்கட்டணச் சலுகை உண்டு. அது கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான். "கவுன்சிலிங்குக்கு எல்லாம் எவன் காத்துக்கிடப்பான், மேனேஜ்மெண்டுல புக் பண்ணியாச்சு" என்று ஏப்ரலிலேயே அட்வான்ஸ் கட்டி அதையும் அறுத்தாகிவிட்டது. ரிசல்ட் வரும் முன்னே இடம் வாங்கிய வீடு என்கிற பெருமைக்கு நான்கு வருடத்தில் எத்தனை லட்சம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். நன்கொடை வாங்கக் கூடாது என்று இந்த மாநிலத்தில் 1992இலேயே சட்டம் வந்தது. சட்டம் பத்திரமாக இருக்கிறது. நன்கொடைக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த லட்சம் எங்கிருந்து வருகிறது? விடியற்காலையில் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்று பாருங்கள். ஒரு பக்கம் குளுகுளு கல்லூரிப் பேருந்து, இன்னொரு பக்கம் பயர் ஆபீஸ் வேன். பிள்ளை ஒன்றில் ஏறுகிறான், பெற்றவள் மற்றதில். திரி கிள்ளி, சரம் பின்னி, குழாயில் மருந்து செலுத்தி, விரலெல்லாம் அலுமினியப் பொடி மினுங்கச் சனிக்கிழமை வாங்குகிற கூலி, குழுக்கடன் வழியாக, நகைக்கடன் வழியாகக் கல்லூரிக் கணக்குக்குப் போய்ச் சேருகிறது. 2023 அக்டோபர் 17 அன்று எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ரெங்கபாளையத்திலும், கிச்சநாயக்கன்பட்டியிலும் வெடித்து ஒரே நாளில் 14 பேர் போனார்கள், பெரும்பாலும் பெண்கள். 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் பல உயிர் போனபோது செத்தவர்களில் கல்லூரி மாணவி ஒருத்தியும் இருந்தாள். பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுடைய உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். முதற்கட்டமாக ஐந்து கோடி. நல்ல அறிவிப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றவள் உயிரோடு இருக்கிறவரை ஏஜெண்ட் கொள்ளையடிக்கலாம், அவள் கருகிய பிறகு அரசாங்கம் கட்டணம் கட்டும் என்றால், அந்தக் கருகாத வருடங்களுக்கு யார் பொறுப்பு? வீட்டில் அடுப்பு எரியக் கணக்குப் பார்க்கிறவள் மருந்தறையில் உட்கார்ந்து சம்பாதித்ததை, நீச்சல்குளப் படத்துக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு வந்து மீசையை முறுக்குகிற ஆம்பளைக்கு வெட்கம் வேண்டாமா?

பெண் பிள்ளை கதை இன்னும் லட்சணம். அண்ணன் நானூறு மார்க்கு வாங்கிக் கோயம்புத்தூர். தங்கச்சி ஐந்நூற்றைம்பது வாங்கி உள்ளூர். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம்?" கேட்டால் பாசம் என்பார்கள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் அவளுக்கு அரசு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது, 2022 செப்டம்பரிலிருந்து. அந்த ஆயிரமும் அண்ணன் ஹாஸ்டலுக்கு ஜீபேயில் போகிறது. நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது மட்டும், மாப்பிள்ளை எந்தக் காலேஜ் என்று இதே அப்பன் தேடித் தேடி விசாரிப்பான், பவுன் கணக்கைக் கூட்டிக் கொடுப்பான். மாப்பிள்ளை வீட்டில் கட்டிய அட்வான்ஸில் மீதி அந்தச் சந்தையில்தான் வசூலாக வேண்டும். கல்லூரிப் பெயர் வேலை வாங்கித் தருகிறதோ இல்லையோ, சீர் வாங்கித் தருகிறது. பத்திரிகையில் பெயருக்குக் கீழே அச்சாகிற அந்த இரண்டு எழுத்துக்கும் அடைப்புக்குறிக்கும் நான்கு வருடம், எட்டு லட்சம்.

இந்த ஊர்கள் எப்போதும் இப்படியிருக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். விருதுநகரில் 1889இல் சத்திரிய வித்தியாசாலை தொடங்கியபோது வியாபாரிகள் மகமைப் பணம் வைத்தார்கள், வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வைத்தார்கள். அந்தப் பள்ளியில் படித்துப் பாதியில் நின்ற ஒரு பையன்தான் பிற்பாடு முதலமைச்சராகி ஊர் ஊருக்குப் பள்ளி திறந்தார், பசித்த பிள்ளைக்கு மதியச் சோறு போட்டார். காமராஜர் எந்தக் காலேஜ் என்று நல்லவேளை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இன்று அவர் படத்தைக் கல்லூரிப் பேருந்தின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உள்ளே ரசீது இல்லாமல் பணம் வாங்குகிறார்கள். அன்று ஊரார் அரிசி பள்ளிக்கூடத்துக்குப் போனது, ஊரார் பிள்ளை படிக்க. இன்று நம் அரிசியே முதலாளி வீட்டுக்குப் போகிறது, நம் பிள்ளை பெயருக்கு.

அடுத்த மே மாதமும் வரும், ஏஜெண்டும் வருவான். காப்பி கொடுங்கள், தப்பில்லை. கொடுத்துவிட்டு அவனிடம் நாலு காகிதம் கேளுங்கள். பையன் சேரப்போகிற துறையில் பாடம் நடத்துகிற ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியல். போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேருக்கு என்ன சம்பளத்தில் வேலை என்பதற்கு நியமன உத்தரவின் நகல். கடைசி செமஸ்டர் தேர்ச்சி விகிதம். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. மூலச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, விலகினால் விதிப்படி பணத்தைத் திருப்ப வேண்டும் என்று யூஜிசி 2018இல் அறிவிக்கை போட்டிருக்கிறது என்பதையும் காதில் போடுங்கள். அவன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் போகட்டும், மறிக்காதீர்கள். அண்ணாச்சி, அதற்கு முன்னால் ஒரு காரியம்: எவ்வளவு கட்டப் போகிறீர்கள் என்பதை வேன் ஏறிப் போகிற அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். காசு அவளுடையது.