பெல் மாமா தட்டிப் பார்க்கிறார்

பெல் ரிட்டையர்டு மாமாவைத் திருச்சிக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் கல்லை விட்டெறிந்தால் அவர் வீட்டுத் திண்ணையில்தான் விழும். திருவெறும்பூரில் 1965-ல் ஆரம்பித்த பெல் (BHEL) கொதிகலன் ஆலையில் முப்பது முப்பத்தைந்து வருஷம் உழைத்துவிட்டு, கைலாசபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, ரங்கநாதர் பக்கத்தில் இருக்கலாம் என்று வந்தவர். 500 மெகாவாட் அனல் மின் நிலையங்களுக்கு பாய்லர் செய்து அனுப்பிய கை. 540 டிகிரி நீராவியைக் குழாய்க்குள் அடக்கி வைத்த மூளை.

அவர் வீட்டுக் குளியலறையில் வெந்நீர் வராது.

கீசர் பழசு. மகள் பிறந்த வருஷம் வாங்கியது. மகளுக்குக் கல்யாணமாகி, அவள் பிள்ளை இப்போது ஜே.ஈ.ஈ. கோச்சிங் போகிறான். 25 லிட்டர், உள்டேங்க் செம்பு. வீட்டிலிருந்த கரி போடுகிற செப்பு பாய்லரைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வாங்கியதாம். அதை மாமி இன்னும் மன்னிக்கவில்லை. அது தனிக்கதை.

கீசர் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் மாமா வாதாட மாட்டார். எழுந்து போய்த் தட்டிப் பார்ப்பார்.

அந்தத் தட்டலைப் பார்க்க வேண்டும். முதலில் பாத்ரூம் ஃபேனை நிறுத்தச் சொல்வார். கூடத்தில் டி.வி. ஓடினால் அதையும். ஸ்டூலில் ஏறி, கண்ணை மூடி, நடுவிரலை மடக்கி மேலே ஒரு தட்டு, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. மேலே ‘டங்’. நடுவில் ‘டங்’. அடியில் ‘டொக்’. அந்த ‘டொக்’ மட்டும் அவர் காதில் விழாது. இறங்கி, விரலைத் துடைத்துக்கொண்டு, "மாப்ளே, இது ஹெவி கேஜ். இன்னும் பத்து வருஷம் அசையாது" என்பார். போன மார்கழியிலும் பத்து வருஷம்தான். அதற்கு முந்தைய மார்கழியிலும் அதே பத்து.

தட்டிப் பார்ப்பது ஒன்றும் பைத்தியக்காரத்தனமல்ல. பாய்லரை சுத்தியலால் தட்டி ஒலியை வைத்து நிலைமையைச் சொல்வது பழைய காலத்து இன்ஸ்பெக்ஷன் முறை. ஆனால் அதோடு விட மாட்டார்கள். அல்ட்ராசோனிக் கருவி வைத்துத் தகட்டின் கனத்தை அளப்பார்கள். வேலை அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு தண்ணீர் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். மாமாவே செய்தவர்தான். அது போகட்டும், கீசரில் அவர் தட்டுவது டேங்க்கையே அல்ல. வெளியே ஒரு தகரச் சட்டை, நடுவில் சூடு போகாமலிருக்க கண்ணாடிப் பஞ்சு, அதற்கும் உள்ளேதான் டேங்க். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு அவருக்குச் சர்க்கரை வியாதி இல்லை என்று சொல்வது மாதிரிதான் இது.

இந்தக் கை வீட்டோடு நிற்பதும் இல்லை. கல்யாணத்துக்குப் போனால் சமையற்கட்டில் அண்டாவைத் தட்டுவார். அப்பார்ட்மென்ட் மொட்டை மாடியில் அடுத்தவர் வீட்டு சோலார் டேங்க்கைத் தட்டிவிட்டு, அவர்களிடம் எதுவும் சொல்லாமல் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்குவார். அந்தக் குடும்பம் ஒரு வாரம் தூங்காது. ஒருமுறை எல்லோருமாகச் சேர்ந்து அவரை மேலப்புலிவார்டு ரோட்டில் ஒரு கடைக்கு இழுத்துக்கொண்டு போனோம். சுவரில் வரிசையாகப் புதுக் கீசர்கள். கடைப் பையன் ஸ்டார் ரேட்டிங், உள்ளே கண்ணாடிப் பூச்சு, எட்டு பார் அழுத்தம் தாங்கும் என்றெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தான். மாமா நேரே போய்த் தட்டினார். பிளாஸ்டிக் பாடி, உள்ளே ஃபோம். ஒரு சத்தமும் இல்லை. அடுத்ததைத் தட்டினார். அதிலும் இல்லை. கடைசி வரை தட்டிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பிய முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

"பார்த்தேளா? கண்டுபிடிச்சுடப் போறான்னு சத்தமே வராதபடி பண்ணி வெச்சிருக்கான்!"

பிளம்பர் கதை வேறு.

"சார், உள்டேங்க் போயிடுச்சு சார். கழட்டிட்டுப் புதுசு மாட்டிருங்க."

"எதை வெச்சுச் சொல்றே?"

"கீழ சொட்டுது சார்."

"அது கண்டென்சேஷன்."

பிளம்பர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கண்டென்சேஷன் வாளி நிறையச் சொட்ட ஆரம்பித்ததும் மாமா துவாக்குடிக்கு போன் போட்டார். அங்கே அவரிடம் வேலை கற்றவர் ஒருவர் சொந்தமாக ஃபேப்ரிகேஷன் யூனிட் வைத்திருக்கிறார். ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடி இருபது கிலோமீட்டருக்கு மேல். கீசரைக் கழற்றி, பழைய வேட்டியில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டிப் போனார். ஆட்டோ வாடகை, பற்றவைப்புக் கூலி, அங்கே எல்லோருக்கும் டீ, திரும்பி வருகிற வாடகை எல்லாம் சேர்த்தால் புதுக் கீசரில் பாதி வந்துவிடும். கணக்குப் போட்டுச் சொன்னால், "ஜாயின்ட்தான் லீக். ஷீட் நன்னாருக்கு" என்று பதில் வரும். ஷீட் நன்றாகத்தான் இருந்தது. அந்த ஜாயின்ட்டை அடைத்ததும் தண்ணீர் அடுத்த ஜாயின்ட்டைத் தேடிக்கொண்டது.

கீசரைத் திறந்தபோது உள்ளே பார்த்தேன். ஹீட்டர் காயில் தெரியவில்லை. அதன் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு கெட்டித்து, ஏடு ஏடாகப் பெயர்ந்து, அடியில் ஒரு பிடி குவிந்து கிடந்தது. போர் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு உப்பு பிரிந்து காயிலில் ஒட்டிக்கொள்ளும். சூடு தண்ணீருக்குப் போகாது. மீட்டர் மட்டும் ஓடும். இது மாமாவுக்குத் தெரியாதா? அவர் செய்த பாய்லர்களுக்கு உப்பெல்லாம் நீக்கிய சுத்தத் தண்ணீரைத் தவிர எதையும் காட்டியதில்லை. இந்தக் கீசருக்கு மட்டும் நாற்பது வருஷமாக போர் தண்ணீர்.

சட்டமும் பேசுவார். 1923-ன் இந்தியக் கொதிகலன் சட்டத்தில் முதலில் 22.75 லிட்டருக்கு மேற்பட்ட கலன்தான் பாய்லர் என்று இருந்தது. "நம்மது 25. சட்டப்படி பாய்லர் ஜாதி!" அதில் நீராவி வர வேண்டும் என்றும் இருந்தது, இதில் வெந்நீருக்கே வழியில்லை. அந்தச் சட்டத்தையும் எடுத்துவிட்டு 2025-ல் புதுச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். பார்லிமென்ட்டால் சட்டத்தை மாற்ற முடிந்தது, எங்களால் கீசரை மாற்ற முடியவில்லை.

ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். அவருக்கு மூத்தவர்கள் செக்கோஸ்லோவாகியாக்காரர்களிடம் தொழில் கற்றவர்கள். அவர்களிடம் இவர் கற்றார். பாய்லரில் ஆயிரக்கணக்கான குழாய் ஜாயின்ட். ஒன்று ஒழுகினாலும் யூனிட்டையே நிறுத்த வேண்டியிருக்கும். எங்கோ ஒரு ஊரில் விளக்கு அணையும். அந்த பயத்தோடு ஒவ்வொரு வெல்டிங்குக்கும் எக்ஸ்ரே பார்த்து வாழ்ந்த மனிதரிடம், ‘தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கலாம்’ என்றால் கெட்ட வார்த்தை சொன்ன மாதிரிதான் முகம் சுருங்குகிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அந்தக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தால் நான் எழுந்து போவதில்லை.

ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு அந்த மரியாதை போய்விடும். மார்கழி. வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் பார்க்க வந்த உறவுக்கூட்டம் கூடம் நிறையப் படுத்திருக்கிறது. அத்தனை பேருக்கும் குளிக்க வெந்நீர் வேண்டும். கேஸ் அடுப்பில் அண்டா வைத்து, கொதித்ததைத் துணி பிடித்து இறக்கி, ஈரத் தரையில் பாத்ரூம் வரை தூக்கி வருவது மாமி. எழுபதை நெருங்குகிற, முழங்கால் தேய்ந்துபோன மாமி. மாமா அல்ல. ஹெவி கேஜ் புராணத்தில் அந்தக் கனம் கணக்கில் வருவதில்லை. இன்னொன்று. சேஃப்டி வால்வ் சொட்டுகிறது என்று அதை ஸ்பேனர் போட்டு இறுக்கி வைத்திருக்கிறார். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, வால்வும் திறக்காமல் போனால் டேங்க் என்ன ஆகும் என்று ஊருக்கே வகுப்பெடுக்கத் தெரிந்தவர் செய்கிற காரியமா இது? எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாமா இருந்தால் வாதாடாதீர்கள். மாதாந்திர மருந்து வாங்க பெல் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளைப் பார்த்து வையுங்கள். போய்த் திரும்ப எப்படியும் மத்தியானம் ஆகிவிடும். கீசர் மாற்ற இரண்டு மணி நேரம் தாராளம். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிப் பூச்சு டேங்க் என்றால், துருவைத் தான் வாங்கிக்கொண்டு டேங்க்கைக் காப்பாற்றுகிற மெக்னீசியம் ராடு உள்ளே இருக்கும். போர் தண்ணீர் வீடுகளில் அதை அவ்வப்போது திறந்து பார்த்து மாற்ற வேண்டும். அந்த வேலையை மாமாவிடமே கொடுத்துவிடுங்கள். பழைய கீசரை மட்டும் பரணிலோ மொட்டை மாடியிலோ வைக்காதீர்கள். அன்றைக்கே எடைக்குப் போட்டுவிடுங்கள். செம்பு, நல்ல விலை கிடைக்கும். அந்தப் பணத்தை மாமியிடம் கொடுங்கள்.