கடல்மேல் துண்டு போடுதல்: ஓர் ஆய்வு

துண்டு போடுதல் தமிழரின் கண்டுபிடிப்பு என்றே இவ்வாய்வாளன் நெடுங்காலம் நம்பியிருந்தான். பேருந்து நிலையத்துக்குள் வண்டி திரும்பி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகச் சீட்டில் வந்து விழுகிறதே ஒரு துண்டு, அது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. அதை நகர்த்திவிட்டு உட்காருவதுமில்லை. உட்கார்ந்தால் சண்டைதான். பழைய உரையாசிரியர் எவரேனும் இருந்திருந்தால், 'துண்டு ஈண்டு உடையவனை உணர்த்திற்று. ஆகுபெயர்' என்று ஒரே வரியில் முடித்திருப்பார். மத்தியதரைக் கடலில் ஏழு இரவு உல்லாசக் கப்பலில் போய்வந்த பிறகு, அந்த இனப்பெருமையை விட்டுவிட வேண்டியதாயிற்று.

எல்லை வரையறை ஒன்று: துண்டு விழுதல் வேறு. அது நிதியமைச்சர்களின் துறை. இவ்வாய்வுக்கு அப்பாற்பட்டது.

ஆய்வுக்களம், கப்பலின் மேல்தளம். நீச்சல்குளத்தைச் சுற்றிக் கிடக்கும் சாய்வு நாற்காலிகள். ஆய்வுக் கருவி, ஒரு கோப்பை காபி. முதல் நாள் காலை ஐந்தே முக்காலுக்குச் சூரியோதயம் பார்க்கப் போன ஆய்வாளன், இரவு அங்கி அணிந்த ஒரு மூதாட்டி கையில் நான்கு துண்டுகளுடன் பூனைபோல் நடந்துவருவதைக் கண்டான். நான்கையும் நான்கு நாற்காலிகளில் விரித்து, ஓரங்களைக் கிளிவடிவப் பிளாஸ்டிக் கிளிப்புகளால் கவ்வவைத்து, பத்தே நிமிடத்தில் படுக்கைக்குத் திரும்பிவிட்டார். சூரியன் அதன் பிறகுதான் வந்தது. இப்பழக்கத்துக்கு ஜெர்மானியரே காரணம் என்பது ஆங்கிலேயர் கட்சி. ஆங்கிலேயரே காரணம் என்பது ஜெர்மானியர் கட்சி. மூதாட்டி எந்த நாட்டவர் என்பதை ஆய்வு நெறி கருதி வெளியிடவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதும் உண்மை.

துண்டு மட்டும் போதாது, சான்றுப் பொருளும் வேண்டும் என்பது இரண்டாம் நாள் தெரிந்தது. ஒற்றைச் செருப்பு வலுவான சான்று. ஒரு காலோடு யாரும் வெகுதூரம் போயிருக்க முடியாது என்ற மயக்கத்தைத் தருகிறது. வெயில் களிம்புப் புட்டி நடுத்தரம். கவிழ்த்து வைத்த நாவல் எல்லாவற்றிலும் உயர்ந்தது. குளத்தருகே ஒரு நாவல் மூன்று நாளும் பன்னிரண்டாம் பக்கத்திலேயே கவிழ்ந்து கிடந்தது. (எடுத்துப் பார்த்தது தவறுதான். முதல் கொலையே இன்னும் நடக்கவில்லை.)

இதற்குக் கப்பலில் சட்டமும் உண்டு. ஆளில்லாத துண்டை நாற்பது நிமிடம் கழித்து ஊழியர் எடுத்துவிடலாம். தளத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்த தூத்துக்குடி இளைஞர், நாம் தமிழ் என்று தெரிந்ததும் சட்டத்தின் நடைமுறையை விளக்கினார்: "எடுத்தா உடைமைக்காரங்க சண்டைக்கு வருவாங்க அண்ணாச்சி. எடுக்கலேன்னா மத்தவங்க வருவாங்க. அதனால நேரத்தை எழுதி ஒரு சீட்டு ஒட்டிட்டு, நான் அந்தப் பக்கமாப் போயிருவேன்." ஆட்சியியல் நூல்கள் பலவற்றைவிட இது தெளிவாக இருந்தது.

இரவில் அறைக்குத் திரும்பினால், அறைப் பணியாளர் அதே இனத் துண்டை யானையாகவோ குரங்காகவோ மடித்துக் கட்டில்மேல் உட்கார்த்தி வைத்திருப்பார். யானை யாருக்கும் இடம் பிடித்ததாகத் தகவல் இல்லை.

ஐந்தாம் நாள் ஸ்பெயினின் அலிகாண்டே. மாலை நாலரைக்குள் திரும்ப வேண்டும் என்று ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் சொன்னது. கப்பலே காலியாகிவிட்டது போலிருந்தது. இறங்குமுன் மேல்தளம் போய்ப் பார்த்தால் துண்டுகள் அப்படியே கிடக்கின்றன. ஆள் ஸ்பெயினில், துண்டு கப்பலில்! அனுபவிப்பதற்காக அல்ல, பிறர் அனுபவிக்காதிருப்பதற்காகவே துண்டு போடப்படுகிறது என்ற இவ்வாய்வின் மையக் கருத்து அங்கேதான் உருவாயிற்று.

இதில் ஸ்பெயினுக்கு நீண்ட மரபு உண்டு. 1494இல் டோர்டெசில்லாஸ் என்ற ஊரில் உட்கார்ந்து, பார்த்தேயிராத கடலில் ஒரு கோடு கிழித்து, மேற்கே எங்களுக்கு, கிழக்கே உங்களுக்கு என்று போர்ச்சுக்கலோடு உலகைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1513இல் ஸ்பெயினின் பல்போவா என்பவர் பனாமாவின் மறுகரையில் கொடியோடு தண்ணீருக்குள் இறங்கி, பசிபிக் பெருங்கடல் முழுவதும் ஸ்பெயின் மன்னருக்கே என்று அறிவித்தார். கொடி என்பது என்ன? கம்பில் கட்டிய துண்டு. ஆறே ஆண்டில் அவர் தலையைச் சொந்த நாட்டவரே வெட்டினார்கள். கடலை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதே நாடு இன்று துண்டுக்குப் பகை. கடற்கரைகள் பொதுவுடைமை என்று 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 132ஆம் பிரிவே சொல்கிறது. அலிகாண்டேக்குத் தெற்கே டொர்ரெவியேகா நகரில், விடியுமுன் குடையும் நாற்காலியும் போட்டு முதல் வரிசையைப் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களின் பொருள்களை நகராட்சி அள்ளிச் சென்றுவிடும். அபராதமும் உண்டு. மொழியும் எதிர்த்திசையில் நிற்கிறது. ஸ்பானிய மொழியில் 'துண்டை எறிதல்' என்றால், குத்துச்சண்டை மேடையில் எறிவதுபோல, தோற்றேன் என்று ஒப்புக்கொள்வது. நாம் துண்டை வீசினால் இடம் நமது. அவர்கள் வீசினால் ஆட்டம் முடிந்தது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் தவறு நடந்தது. சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாக, சுமார் 65 லட்சம் சலவைக்கல் துண்டுகள் (இது வேறு துண்டு) அலையலையாகப் பதித்த எஸ்பிளனேடு நடைபாதையில் நடந்து போஸ்திகேத் கடற்கரைக்கு வந்தோம். நேர்மேலே 166 மீட்டர் உயரக் குன்றில் சாந்தா பார்பரா கோட்டை. கப்பலின் நீலக்கோட்டுத் துண்டை மணலில் விரித்து, நான்கு மூலையிலும் மண்ணை அள்ளிப் போட்டாயிற்று. "போட்டுட்டு வாங்க, யாரு எடுக்கப் போறா? கோட்டையைப் பாத்துட்டு வந்துரலாம்" என்றார் துணைவியார். மலையைக் குடைந்து அமைத்த லிஃப்டில் ஏறினோம். மேலிருந்து கப்பல் தெரிந்தது, துண்டு தெரியவில்லை. இறங்கும் லிஃப்டுக்கு வரிசை. வரிசை நகர்ந்து தரைக்கு வந்தபோது மணி நான்கு. கப்பலோ துறைமுகத்தின் மறுகோடியில். துண்டைக் காணோம், துணியைக் காணோம் என்று ஓடினோம். சொல்வழக்கு எழுத்துக்கு எழுத்து நிறைவேறிய நிகழ்வாக இது பதிவு செய்யப்படுகிறது.

கடைசி நாள் காலை அறைக் கதவிடுக்கில் கணக்குச் சீட்டு கிடந்தது. திருப்பித் தராத துண்டு, ஒன்று: 25 டாலர். துண்டு விழுதல் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று தொடக்கத்தில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.