செவலையின் அப்பா

எங்கள் காலனி வாட்ஸப் குழுவில் வாரம் ஒருமுறையாவது யாராவது ஒருவர் 'நாயிடம் மனிதன் கற்க வேண்டிய பாடங்கள்' என்று ரோஜாப்பூப் படத்துடன் அனுப்பிவிடுகிறார். வீட்டுக்கு வருபவரை ஓடிப்போய் வரவேற்க வேண்டுமாம், கோபத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளக் கூடாதாம், கவலையில்லாமல் தூங்க வேண்டுமாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அனுப்புகிறவர்கள் இதில் ஒன்றையாவது சொந்த வீட்டில் செய்து பார்த்தார்களா என்பதுதான் என் சந்தேகம். நான் செய்து பார்த்தவன்.

எங்கள் வீட்டு ஆசான் ஒரு சிப்பிப்பாறை. பெயர் செவலை. 'ப்ரூனோ' என்று வைக்க மகள் போராடினாள். அதற்குள் என் மாமியார் நிறத்தைப் பார்த்து "ஏ செவலை" என்று கூப்பிட, அது திரும்பிப் பார்த்துவிட்டது. தெற்கத்திக் கரிசல் ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய இனம். முயல் வேட்டைக்கென்றே வளர்த்தது. நீண்ட கால், ஒட்டிய வயிறு, கூர்த்த முகம். எவ்வளவு போட்டாலும் விலா எலும்பு தெரியும். முயல் வேட்டை இப்போது சட்டப்படி குற்றம் என்பதால், குலத்தொழிலை எங்கள் சோபா குஷன்களிடம் காட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த விலா எலும்புதான் எனக்கு வினை. வருகிற உறவினர்கள் முதலில் செவலையைப் பார்க்கிறார்கள். அப்புறம் என் வயிற்றைப் பார்க்கிறார்கள். மறுபடியும் செவலையைப் பார்க்கிறார்கள். வாயைத் திறந்து கேட்பதில்லை, ஆனால் கணக்கு முடிந்துவிடுகிறது. பெரியப்பா மட்டும் வெளிப்படையான மனிதர்.

"ஏண்டா, வாயில்லா ஜீவன். அதுக்கும் ரெண்டு வாய் வச்சிட்டு நீ சாப்பிடக் கூடாதா?"

"அந்த இனமே அப்படித்தான் பெரியப்பா."

"உன் இனம் எப்படின்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

உண்மை நிலவரம் வேறு. செவலைக்குத் தனிக் குக்கர் இருக்கிறது. கோழியும் சோறும் உப்பில்லாமல், வெங்காயமில்லாமல் வேகும். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். சாக்லேட்டும் திராட்சையும்கூட ஆகாது. இதெல்லாம் என் மனைவிக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்கு ரத்த அழுத்தம் வந்து, உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதியபோது, "ஒரு ஆளுக்குன்னு தனியா உலை வைக்க முடியுமா?" என்றாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். இப்போதெல்லாம் செவலையின் குக்கரிலிருந்து எனக்கும் ஒரு கரண்டி வருகிறது. ஆக, பெரியப்பா சொன்னது உண்மையாகிவிட்டது.

பாடங்களுக்கு வருகிறேன். மனைவி தெருமுனைக் கடையில் கொத்தமல்லி வாங்கி வந்தால்கூட, துபாயிலிருந்து வந்தவளைப் போலச் செவலை அவளை வரவேற்கும். குதித்து, சுற்றிச் சுற்றி வந்து, முனகி, பையை முகர்ந்து, ஒரு பாடு தீர்த்துவிடும். "என் தங்கமே" என்று அவள் உருகிப்போவாள். நானும் ஒரு சாயங்காலம் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கு ஓடினேன். கேட்டைத் திறந்து, பையை வாங்கி, பல் தெரியச் சிரித்தேன். அவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"உங்க தம்பி மறுபடியும் பணம் கேட்டாரா?"

தூக்கமும் அப்படித்தான். வளர்ந்த நாய் நாளில் பாதியைத் தூங்கியே கழிக்கும். "பாவம், அசந்து தூங்குது, டிவி சத்தத்தைக் குறைங்க" என்பாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அசந்து தூங்கும்போதுதான் பரணில் இருக்கிற பித்தளை அண்டாவை இறக்கும் வேளை வருகிறது.

குற்றவுணர்ச்சி முகம் என்று ஒன்று இருக்கிறது. செய்தித்தாளைக் கிழித்துவிட்டுக் காதைத் தாழ்த்தி, வாலை இடுக்கி, கண்ணை ஓரமாகத் திருப்புமே, அது. "பாருங்க, செஞ்ச தப்பை எப்படி உணருதுன்னு. உங்களுக்கு ஒரு நாளாவது...?" என்று அவள் தொடங்க, அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரை நான் துணைக்கு அழைத்தேன். 2009-இல் வெளிவந்த ஆய்வு அது. நாயிடம் பிஸ்கட்டைத் தொடாதே என்று சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போகிறார். திரும்பி வருபவரிடம், தின்னாத நாயைத் தின்றுவிட்டது என்றும் சில சமயம் சொல்லிவைத்தார்கள். முடிவு? தின்றாலும் தின்னாவிட்டாலும், திட்டு விழுந்தால் அந்த முகம் வந்துவிடுகிறது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் இன்னும் தூக்கலாக வந்ததாம். என் இல்லறத்தை இவ்வளவு நுட்பமாக வேறு யாரும் ஆராய்ந்ததில்லை. உணர்ச்சி பொங்க வாசித்துக் காட்டினேன்.

"அப்போ நீங்க கத்துறதுனாலதான் புள்ள பயப்படுது" என்றாள்.

ஒருமுறை அதன் உடம்பு சுட்டது. தெர்மாமீட்டர் 102 காட்டியது. பதறிப்போய்த் தூக்கிக்கொண்டு ஓடினோம். கால்நடை மருத்துவமனையில் "செவலை அப்பா யாருங்க?" என்று கூப்பிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் கையைத் தூக்கினேன். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பான சூடுதான் என்று டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த விலை அடுத்த மழைக்காலத்தில் தெரிந்தது. எனக்குக் காய்ச்சல், 101. மனைவி தெர்மாமீட்டரை உதறினாள். "102 வரைக்கும் நார்மல்னு டாக்டரே சொல்லிருக்காரு. எந்திரிச்சுப் போய்ப் பால் வாங்கிட்டு வாங்க."

போன மாதம் திருநெல்வேலியில் அவள் தோழி மகளுக்குக் கல்யாணம். ரயிலில் நாயைக் கூட்டிப்போக வேண்டுமானால் முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூபே முழுவதையும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு வேனில் நாய்ப்பெட்டியில் அடைக்க வேண்டும். முதலாவதற்குப் பணமில்லை, இரண்டாவதற்கு அவளுக்கு மனமில்லை. தருமபுத்திரர் நாய்க்காகச் சொர்க்கத்தையே வேண்டாம் என்றாராம். நான் நெல்லைக் கல்யாணத்து மறுநாள் சொதியை வேண்டாம் என்றேன். அதாவது, வேண்டாம் என்று எனக்காக அவளே சொல்லிவிட்டாள்.

ராத்திரி வீடியோ அழைப்பு வந்தது.

"சாப்பிட்டாச்சா?" குரலில் அப்படி ஒரு பரிவு. எனக்குத் தொண்டை கரகரத்தது.

"இன்னும் இல்ல. இனிமேதான். நீ...?"

"ஐயோ, உங்களைக் கேக்கல. கொஞ்சம் தள்ளுங்க, அதோட முகத்தை மறைக்கிறீங்க."