மீன்தொட்டியில் பாசி

கேள்வி: ஜன்னலோரத்து மீன்தொட்டியில் செடிகளையே மூடிப் பாசி படர்கிறதே, மருந்து உண்டா? (ஆவுடையார்கோவில் வாசகர்)

பதில்: அருவமாகிய ஆத்மநாதருக்குச் சுடுசோற்றின் ஆவியே நைவேத்தியமாகும் உங்கள் க்ஷேத்திரத்தில், மீன்களுக்கு மட்டும் அவை உண்டு தீர்க்கும் அளவுக்குமேல் ஆகாரம் இடுவானேன்? எஞ்சிய உணவும் மீன்களின் கழிவும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் கரைந்து, ஜன்னல் வெயிலோடு கூடி, பாசிக்கு மகத்தான விருந்தாகிவிடுகின்றன. ஆகவே, தொட்டியை வெயிலினின்று விலக்கி, விளக்கை நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் மட்டும் எரித்து, வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றி, ஹைட்ரில்லா போன்று விரைந்து வளரும் செடிகளை நிறைய நட்டால், அவை போஷாக்கைப் பாசிக்கு முந்தி உண்டுவிடும். தாமிரம் கலந்த பாசிக்கொல்லியோ நத்தைகளையும் இறால்களையும் சம்ஹாரம் செய்துவிடும். அது எனக்குச் சற்றும் சம்மதமில்லை. கண்ணாடியில் ஒட்டியதைச் சுரண்டியெடுங்கள். கல்லில் மெலிதாகப் படர்ந்ததை நத்தைக்கே விட்டுவிடுங்கள்.