பேனட் மேல் ஒரு குப்பி

சித்திரை வெயில். பகல் ஒரு மணி. தேனியிலிருந்து கூடலூர் போகிற பஸ்ஸில் உட்கார இடமில்லாத ஆத்தா ஒருத்தி, டிரைவர் பக்கத்து இன்ஜின் பேனட் மேல் கேரி பேக்கை வைக்கிறாள். மேலே கறிவேப்பிலை, அரைக்கிலோ தக்காளி. அடியில், செய்தித்தாளில் சுற்றிய சுகர் ஊசி மருந்து, அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக வாங்கியது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். சர்க்கரை விஷயம் என்பதால் எறும்பே படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள் போல.

அரசுக்குக் குளிர் தெரியாதென்று யாரும் சொல்லிவிட முடியாது. போலியோ சொட்டு மருந்து ஊர் ஊராகப் போவதைப் பாருங்கள். தனிப்பெட்டி, உள்ளே நாலு பக்கமும் ஐஸ் பட்டை, தூக்கிக்கொண்டு நடக்க ஓர் ஆள். குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் தூக்கிப் போடு என்று பொருள். எழுத்தறியாதவருக்கும் புரியும். அந்த அடையாளம் 1996-இல் வந்தது. தேனி தனி மாவட்டம் ஆனதும் அதே 1996-இல்தான். மாவட்டத்துக்கு ஆட்சியர், எஸ்.பி., அலுவலகம் எல்லாம் வந்தாயிற்று. இன்சுலின் குப்பிக்கு அந்தச் சின்னச் சதுரம் இன்னும் வரவில்லை. வெயிலில் வீரியம் போன மருந்து, போகாத மருந்து மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஆகவே மருந்து கெட்டதற்கு ஆத்தாதான் திட்டு வாங்க வேண்டும். அடுத்த மாதம் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும். நோட்டைப் பார்த்ததும் கேள்வி வரும்: “என்னம்மா தின்ன? மாம்பழமா?” ஒரு கரண்டிச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும்தான் என்றால் பொய்க்காரி. பஸ்ஸில் மருந்து எப்படி வந்தது, வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்க வரிசை நீளம், நேரம் குறைவு. யூனிட்டைக் கூட்டி எழுதி அனுப்புகிறார்கள். கூட்டி எழுதிய மருந்தும் அதே பஸ்ஸில், அதே பேனட் மேல். இப்படியே போகையில், ஐப்பசி மழையில் தப்பித்தவறி ஒரு குப்பி கெடாமல் வீடு வந்து சேர்ந்தால், கூட்டிய யூனிட் முழு வீரியத்தோடு வேலை செய்யும். சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்து ஆத்தா மயங்கி விழுவாள். “நேரத்துக்குச் சாப்பிடலை” என்பார்கள். தின்றாலும் அவள் குற்றம், தின்னாவிட்டாலும் அவள் குற்றம். மருந்தும் பஸ்ஸும் அரசும் நிரபராதிகள்.

இதே கம்பம் பள்ளத்தாக்கில் பால் கெடாமலிருக்க நாலு டிகிரிக்குக் குளிரவைக்கும் இயந்திரம் இருக்கிறது. ஏலக்காயின் பச்சை மங்கக்கூடாதென்று சாக்குக்குள் கறுப்புப் பாலிதீன் உறை போடுகிறார்கள். அதைப் பறிக்க விடியற்காலை ஜீப்பில் அடைந்து மலையேறுகிறவளின் மருந்துக்கு உறை அவள் முந்தானை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடே வாங்கிக் கொடுத்தார்கள். 2003 நவம்பர் முதல் மதுவைச் சில்லறைக்கு விற்பதும் அரசுதான். பீர் கூலிங்காக இல்லையென்றால் குடிமகன் கவுன்ட்டரைத் தட்டுகிறான். இன்சுலின் கூலிங்காக இல்லை என்று தட்ட எந்தக் கவுன்ட்டரும் இல்லை.

கேட்பாரற்ற ஊரும் இல்லை இது. 1984-இல் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளினில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். 2002-இல் ஜெயலலிதா அதே ஆண்டிபட்டியில் இடைத்தேர்தலில் வென்று மறுபடி முதல்வரானார். பெரியகுளத்து ஓ. பன்னீர்செல்வம் மூன்று தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நோயாளி வராமலே ஓட்டுகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த மண்ணில், நோயாளி நேரில் போய் நின்றும் மருந்து பத்திரமாக வந்து சேர்வதில்லை. 2006 தேர்தலுக்குக் கலர் டி.வி., 2011-க்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. அந்தப் பட்டியல்களில் பிரிட்ஜ் இல்லை. மின்விசிறி சுற்றுகிறது, ஓட்டுவீட்டுச் சூட்டையெல்லாம் திரட்டிக் குப்பியின் மேல் வீசுகிறது.

பிரிட்ஜ்கூட வேண்டாம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021-இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. கென்யாவின் அகதி முகாம் ஒன்றில் நிலவும் வெப்பத்தை அளந்து, 25-க்கும் 37-க்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில் இன்சுலினை நாலு வாரம் வைத்துப் பார்த்தார்கள், வீரியம் குறையவில்லை. மண்பானை, கொஞ்சம் ஈர மணல், மேலே நனைந்த துணி இருந்தால் நம் வீட்டுத் திண்ணையும் அந்த அளவுக்குள் அடங்கும். கொதிக்கும் பேனட் அடங்காது. ஐஸ்கட்டியில் புதைத்துக் கொண்டுவருவதும் ஆகாது. ஒருமுறை உறைந்துவிட்டால் கொட்டத்தான் வேண்டும். குப்பியோடு இந்த நாலு வரியைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்க என்ன செலவாகும்? பொங்கல் தொகுப்பில் பானையையும் சேருங்கள் என்று மண்பாண்டத் தொழிலாளர்கள் மனுமேல் மனு கொடுக்கிறார்கள். ஒரே பானையில் குயவரும் பிழைப்பார், நோயாளியும் பிழைப்பார். அதனால்தானோ என்னவோ, நடக்க மாட்டேன் என்கிறது.

எங்கள் பக்கம் குளிர்ப்பெட்டி வாசலுக்கே வந்து இறங்க ஒரே ஒரு வழி உண்டு. பந்தல்காரருக்குப் போன் போட வேண்டும். ராத்திரி இரண்டு மணியானாலும், தெருவில் வண்டி நுழையாவிட்டாலும், நாலு பேர் தோளில் சுமந்தாவது ஐஸ் பெட்டி வந்துவிடும். வயரை இழுத்துப் பிளக் போட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் போவார்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர்.

ஒருநாள் வயிற்றெரிச்சலில் நானும் போன் போட்டேன்.

“யாருக்குண்ணே?”

“எங்க அத்தைக்கு.”

“எப்பத் தவறுனாங்க?”

“இன்னும் இல்லப்பா. சுகர் ஊசி மருந்து வைக்கணும்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அப்ப முடிஞ்சதும் கூப்பிடுங்கண்ணே.”