கடிகாரத்துக்கு முதுகு

பிராக் நகரத்தில், பழைய நகர மண்டபத்துச் சுவரில் 1410 ஆம் ஆண்டு முதல் காலத்தைக் கணித்துவரும் வானியல் கடிகாரத்தின் கீழே, வெகு தூரத்திலிருந்து வந்த ஒரு தம்பதி முக்கால் மணி நேரம் கால்கடுக்க நின்றார்கள். எலும்புக்கூடாய் நிற்கும் மரணதேவன் கயிற்றை இழுத்து மணியடிக்க, மேலே சாளரங்களில் அப்போஸ்தலர் பன்னிருவரும் பவனி வர, ஜனங்களெல்லாம் அண்ணாந்து பார்த்த அந்தப் புண்ணிய முகூர்த்தத்தில், நம் தம்பதியோ கடிகாரத்துக்கு முதுகைக் காட்டிக் கைபேசியை நீட்டிப் பிடித்திருந்தார்கள். "இன்னும் கொஞ்சம் சிரியுங்களேன்" என்று அம்மாள் ஆக்ஞாபிக்க, ஐயா சிரித்துக்கொண்டிருந்தார்.

சேவல் கூவி முடிந்தது. "ஆரம்பித்துவிட்டதா?" என்று திரும்பினார் ஐயா.

கடிகாரத்தின் பக்கத்தில், கைக்கண்ணாடியில் சதா தன் முகத்தையே தரிசித்துக்கொண்டு நிற்கும் தற்பெருமையின் பொம்மை மட்டும், சகோதர வாஞ்சையோடு தலையசைத்ததாக எனக்குத் தோன்றிற்று.